மானிட்டர் செட்டிங் நிலைக்க மாட்டேங்குதா? லினக்ஸ்காரர்கள் கடைக்கு வந்து கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிற கடைகள், டியூஷன் சென்டர்கள், வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கிற பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் பலருக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். அதனால் வசவும் எனக்குத்தான் வரும். அதிகமாக வருகிற வசவு இது: தனியாக மாட்டின மானிட்டரில் ரெசல்யூஷன், வலது இடது, சைஸ் என்று என்ன மாற்றி வைத்தாலும் மறுநாள் காணோம். கேட்டவற்றை அவரவர் வாய்ச்சொல்லிலேயே போட்டிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, ராத்திரி எல்லாம் சரி பண்ணி வச்சுட்டுத்தான் படுத்தேன். காலையில பாத்தா பழைய குருடி கதவைத் திறடின்னு நிக்கு. லினக்ஸுக்கு என்ன மறதி நோயா?

மறதி இல்லை. ஆள் அடையாளம் தெரியாமல் முழிக்கிறது.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. அதில் 128 பைட்டில் மானிட்டரின் ஜாதகம் எழுதியிருக்கும். தயாரித்த கம்பெனியின் மூன்றெழுத்துக் குறி, மாடல் எண், சீரியல் எண், எந்தெந்த ரெசல்யூஷனைத் தாங்கும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். எச்டிஎம்ஐ மானிட்டர் என்றால் பெரும்பாலும் இன்னொரு 128 பைட் கூட இருக்கும். இந்த ஜாதகத்துக்கு இடிஐடி என்று பெயர். நீங்கள் செட்டிங்கை மாற்றி ஓகே கொடுக்கும்போது டெஸ்க்டாப் வெறுமனே '1920×1080' என்று எழுதி வைப்பதில்லை. 'இந்த சாக்கெட்டில், இந்தக் கம்பெனியின், இந்த மாடல், இந்த சீரியல் நம்பர் மானிட்டர் வந்தால் 1920×1080 வை' என்று எழுதி வைக்கிறது.

ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் என்ன நடக்கும்? பத்து வருஷமாக அதே கடையில் சீனி வாங்குகிற ஆளாக இருந்தாலும் மெஷினுக்கு நீங்கள் யாரோ. அதேதான் இங்கேயும். சாக்கெட் மாறினாலும், ஜாதகம் படிக்க முடியாமல் போனாலும், நடுவில் ஒரு கன்வெர்ட்டர் புகுந்தாலும் லினக்ஸ் அதைப் புது மானிட்டராக எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வைத்துவிடும்.

ஆக, சந்தேகம் இரண்டே. நீங்கள் சொன்னதை எழுதி வைத்ததா? எழுதி வைத்திருந்தால், காலையில் மானிட்டரை அடையாளம் கண்டுகொண்டதா?

'கீப்' பட்டனை அமுக்கணுமாமே?

ஆமாம். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஆலங்குளத்திலிருந்து சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். க்னோம் டெஸ்க்டாப்பில் அப்ளை கொடுத்ததும் 'இப்படியே இருக்கட்டுமா' என்று ஒரு கட்டம் வந்து 20 விநாடி எண்ணும். பட்டனை அமுக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். அந்தக் கட்டம் சில நேரம் இன்னொரு மானிட்டரில் போய்த் தோன்றும், அவர் அந்த மானிட்டரை அணைத்து வைத்திருந்தார்.

எக்ஸ்ரேண்டர் கட்டளை போட்டா உடனே சரியாவுது. ரீஸ்டார்ட் பண்ணினா போயிருது. நிரந்தரமா இருக்க என்ன செய்ய?

எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று தட்டுகிற அந்தக் கட்டளை எந்த ஃபைலிலும் எதையும் எழுதுவதில்லை. திரையில் படம் காட்டுகிற வேலையைப் பார்க்கும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளிடம் 'இப்போதைக்கு இப்படி இரு' என்று சொல்லும், அவ்வளவுதான். லாக்அவுட் செய்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

லினக்ஸ் மின்ட்டில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் கட்டளையை அங்கே போட்டு, தாமதம் என்கிற இடத்தில் 5 அல்லது 10 விநாடி கொடுங்கள். தாமதம் ஏனென்றால், டெஸ்க்டாப்பும் லாகின் ஆனதும் தன் கணக்குக்கு மானிட்டரை ஒழுங்குபடுத்தும். உங்கள் கட்டளை முந்திக்கொண்டால் அது பின்னால் வந்து அழித்துவிட்டுப் போகும். கட்டளையை எழுத வராதவர்களுக்கு ஏரேண்டர் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. கட்டங்களை மவுஸால் இழுத்து அடுக்கி சேவ் கொடுத்தால் ஸ்கிரிப்ட் அதுவே எழுதிக் கொடுக்கும். அந்த ஸ்கிரிப்டை ஸ்டார்ட்அப்பில் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. லினக்ஸைப் புதுப்பித்த பிறகு அந்த ஸ்கிரிப்ட் திடீரென்று வேலை செய்யாமல் போகலாம். பழைய இன்டெல் டிரைவர் 'விஜிஏ1' என்று ஒட்டி எழுதின சாக்கெட்டை இப்போதைய டிரைவர் நடுவில் கோடு போட்டு 'விஜிஏ-1' என்று எழுதுகிறது. அந்த ஒரு கோட்டுக்காக முழு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் எக்ஸ்ஆர்க் செஷனில், அதாவது மேலே சொன்ன எக்ஸ் சர்வர் ஓடும்போது மட்டும் நடக்கும். அதற்குப் பதிலாக வந்த புது முறையான வேலண்ட் செஷனில் இந்தக் கட்டளையால் நிஜ மானிட்டரை அசைக்க முடியாது. உபுண்டு என்கிற லினக்ஸில் 22.04 பதிப்பிலிருந்து பெரும்பாலும் வேலண்ட்தான். 25.10-ல் உபுண்டுவின் எக்ஸ்ஆர்க் செஷனையே எடுத்துவிட்டார்கள். மின்ட் சின்னமன் இன்னும் எக்ஸ்ஆர்க்கில்தான் இயல்பாக ஓடுகிறது. எது ஓடுகிறது என்று பார்க்க, க்னோம் என்றால் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதிக்குப் போய் சிஸ்டம் விவரங்களைத் திறங்கள், 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியில் இருக்கும்.

செட்டிங்கை எந்த ஃபைல்ல எழுதி வைக்கு? அதை அழிச்சுட்டா சரியாயிருமா?

ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமுக்கினால் மறைந்திருக்கிறவை தெரியும். அதில் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் போங்கள். டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் ஃபைல் மாறும். க்னோமும் மேட்டும் 'மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல்' என்ற ஃபைலில் எழுதும். மின்ட் சின்னமனில் 'சின்னமன்-மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல்'. எக்ஸ்எஃப்சிஇ தன் சொந்த எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டருக்குள் இரண்டு படி இறங்கி 'டிஸ்ப்ளேஸ் டாட் எக்ஸ்எம்எல்' என்று வைத்திருக்கும். கேடிஇ பிளாஸ்மா 6-ல் வேலண்ட் என்றால் அதே கான்ஃபிக் ஃபோல்டரில் 'கேவின்அவுட்புட்கான்ஃபிக் டாட் ஜேசன்'.

அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள். பிறகு லாக்அவுட் செய்து உள்ளே வந்து, செட்டிங்கை முதலிலிருந்து ஒருமுறை வைத்துப் பாருங்கள். பழைய மானிட்டர்களின் கணக்கெல்லாம் குப்பையாகச் சேர்ந்து கிடந்தால் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பாருங்கள். ஓனர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் 'ரூட்' (சிஸ்டத்தின் அட்மின்) என்று இருந்தால் வினை அங்கேதான். யாரோ ஒருமுறை சூடோ (அட்மின் அதிகாரத்தில் ஓட்டுகிற கட்டளை) போட்டு ஏதோ செய்திருக்கிறார்கள். வீடு உங்களுடையது, சாவி இன்னொருத்தர் இடுப்பில். டெஸ்க்டாப் எழுதப் பார்க்கும், முடியாது, உங்களிடம் சொல்லவும் செய்யாது. சூடோ, சி-எச்-ஓ-டபிள்யூ-என், உங்கள் யூசர் பெயர், ஃபைல் பெயர் என்று கொடுத்து சாவியைத் திரும்ப வாங்குங்கள்.

கரண்ட் போய் வந்தா மட்டும் எழுத்தெல்லாம் பெருசாயிருது. மத்த நாள்ல ஒண்ணும் இல்ல. பேய் கீய் இருக்கோ?

இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் சேரன்மாதேவியில் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறார். ஆனி, ஆடிக் காற்றுக்கு அங்கே கரண்ட் நாலு தடவை போய் நாலு தடவை வரும். கரண்ட் வந்ததும் சிபியு தானாக எழுந்துகொள்கிற மாதிரி பயாஸில் (சிபியுவின் அடிப்படை செட்டிங்கில்) வைத்துக் கொடுத்திருந்தேன். நல்லது செய்ததாக நினைப்பு. அவர் 'கரண்ட் கூடிக் குறைஞ்சு வருது, மானிட்டர் போயிருச்சுன்னா?' என்று பயந்து, கரண்ட் போன உடனே மானிட்டர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிடுவார். வந்த பிறகு ஒரு காபி குடித்துவிட்டு வந்து மாட்டுவார். அப்போது பார்த்தால் 1024×768.

நேரில் போய் மானிட்டரின் பின்னால் டார்ச் அடித்து விஜிஏ வயரைக் கழற்றிப் பார்த்தேன். விஜிஏ முனையில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 ஊசி. 1, 2, 3 மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். அதில் ஒன்று போனால் படம் நிறம் மாறும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். 12-ம் 15-ம் ஜாதகத்தைக் கொண்டுவருகிற வழி. அவை போனால் படம் பளிச்சென்று இருக்கும், அடையாளம் மட்டும் வராது. 9-ம் ஊசி, கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டரின் ஜாதகச் சில்லுக்கு 5 வோல்ட் கொடுப்பதற்கு. அது இருந்தால் மானிட்டரில் கரண்டே இல்லாவிட்டாலும் சில்லைப் படித்துவிடலாம்.

அவர் வயரில் நடு வரிசையில் நாலாவது இடம் வெறும் ஓட்டை. ஊசி உடைந்ததில்லை, போடவே இல்லை. மலிவு வயர்களில் இது சகஜம். மானிட்டர் கரண்டில் இருக்கும்போது சில்லு மானிட்டரின் கரண்டிலேயே ஓடும், குறை தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவைத்த நேரத்தில் சிபியு எழுந்தால் ஜாதகம் கிடைக்காது. ஜாதகம் இல்லாத மானிட்டரை எக்ஸ் சர்வர் 1024×768-க்கு மேல் நம்பாது.

15 ஊசியும் இருக்கிற வயர் ஒன்றைப் போட்டேன். பேய் போய்விட்டது. பயாஸையும் பழையபடி மாற்றிவிட்டேன். வயர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் ஊசியை எண்ணிப் பாருங்கள்.

லிஸ்ட்லயே 1920×1080 இல்ல. எங்கிருந்து கொண்டாரது?

முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன 12, 15 கதையாக இருந்தால் இங்கேயே முடியும். நடுவில் ஸ்பிளிட்டர், எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர், இரண்டு சிபியுவுக்கு ஒரே மானிட்டர் போடுகிற ஸ்விட்ச் பாக்ஸ் ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகள் மானிட்டரின் ஜாதகத்தை மறைத்துவிட்டுத் தன் ஜாதகத்தை நீட்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் கையால் சேர்க்கலாம். எக்ஸ்ஆர்க்கில், சி-வி-டி என்ற கட்டளைக்குப் பின்னால் 1920 1080 60 கொடுத்தால் 'மோட்லைன்' என்று ஒரு வரி வரும். அதில் 173.00 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். அந்த வரியை எக்ஸ்ரேண்டரின் 'நியூமோட்' தேர்வுக்குக் கொடுத்து, பிறகு 'ஆட்மோட்' தேர்வால் உங்கள் சாக்கெட்டோடு சேர்த்து, கடைசியாக அதை வைக்க வேண்டும். மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று கத்தினால், சி-வி-டிக்குப் பக்கத்தில் ஒரு ஹைஃபனும் ஆரும் சேர்த்துப் போடுங்கள். 173.00 இருந்த இடத்தில் 138.50 வரும். எல்சிடி மானிட்டர்கள் பெரும்பாலும் இதற்கு இசையும்.

இதுவும் ரீஸ்டார்ட்டில் போய்விடும், மேலே சொன்ன அதே காரணம். நிரந்தரமாக வைக்க, ஈ-டி-சி ஃபோல்டருக்குள் எக்ஸ்11 (இங்கே எக்ஸ் பெரிய எழுத்து), அதற்குள் 'எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் டாட் டி' ஃபோல்டர். அங்கே '10-மானிட்டர் டாட் கான்ஃப்' என்று ஒரு ஃபைல் போட்டு, மானிட்டர் பகுதிக்குள் அந்த மோட்லைனையும், 'ப்ரிஃபர்ட்மோட்' ஆக அதன் பெயரையும் எழுத வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் டெஸ்க்டாப்பே வராமல் கறுப்புத் திரையில் நிற்கும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கி உள்ளே போய் அந்த ஃபைலை அழித்துவிடலாம். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

உள்ள போனா சரியா இருக்கு. பாஸ்வேர்டு கேக்க இடத்துல மட்டும் கோணல்.

பாஸ்வேர்டு திரை உங்கள் கணக்கில் ஓடுவதில்லை, அதற்குத் தனி யூசர். உங்கள் வீட்டில் எழுதி வைத்த சீட்டு அவருக்குத் தெரியாது. உபுண்டுவின் க்னோமில், உங்கள் 'மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல்' ஃபைலின் நகலை 'வார், லிப், ஜிடிஎம்3' வழியே போய் அங்கிருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் போடுவது பழைய வழக்கம். மின்ட்டில் பாஸ்வேர்டு திரையைக் காட்டுவது லைட்-டிஎம் என்ற மென்பொருள். அதன் கான்ஃப் ஃபைலில் 'டிஸ்ப்ளே-செட்டப்-ஸ்கிரிப்ட்' என்ற வரியில் உங்கள் எக்ஸ்ரேண்டர் ஸ்கிரிப்டைக் காட்டலாம்.

எங்க அக்காவுக்குக் குடுத்த கவர்மென்ட் லேப்டாப். ஸ்கிரீன் உடைஞ்சு போச்சு. மானிட்டர்ல போட்டு ஓட்டுதேன். ஆனா மெனு, லாகின் எல்லாம் அந்த உடைஞ்ச ஸ்கிரீனுக்கே போவுது. தினமும் காலையில இதே ரோதனை.

2011-ல் தொடங்கின இலவச லேப்டாப் திட்டம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. அந்த லேப்டாப்கள் இன்னும் நம் ஊரில் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, பாதிக்கு கீல் இல்லை, பாதிக்கு பேட்டரி இல்லை. எனக்கு அவற்றின்மேல் ஒரு பாசம்.

கண்ணாடி உடைந்தாலும் உள்ளே சில்லு உயிரோடு இருக்கும். லினக்ஸைப் பொறுத்தவரை அது நல்ல ஸ்கிரீன், அதுவும் வீட்டுக்காரர். வெளி மானிட்டர் விருந்தாளி. செட்டிங்ஸில் உள் ஸ்கிரீனை அணைத்து வைத்தாலும் லாகின் திரைக்கு அது தெரியாது; மானிட்டர் ஒருநாள் தாமதமாக எழுந்தால் பழைய கணக்கும் பொருந்தாது.

லினக்ஸின் கருவான கெர்னலிடமே 'அந்த ஸ்கிரீன் இல்லை' என்று சொல்லிவிடுவதுதான் உறுதியான வழி. ஈ-டி-சி, டிஃபால்ட் ஃபோல்டரில் 'க்ரப்' என்ற ஃபைல் இருக்கும். அதை சூடோ போட்டுத் திறந்தால், பெரிய எழுத்தில் 'க்ரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட்' என்று தொடங்குகிற வரி தெரியும். மேற்கோள் குறிக்குள், 'ஸ்ப்ளாஷ்' என்பதற்குப் பிறகு ஒரு இடம் விட்டு, 'வீடியோ', சமக்குறி, 'எல்விடிஎஸ்-1', முக்காற்புள்ளி, 'டி' என்று சேர்த்து எழுதுங்கள். எல்விடிஎஸ் மட்டும் பெரிய எழுத்து. கொஞ்சம் புதிய லேப்டாப் என்றால் அந்த இடத்தில் 'இடிபி-1', அதில் இ மட்டும் சின்ன எழுத்து. சேவ் செய்து, சூடோ போட்டு 'அப்டேட்-க்ரப்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாக்கெட்டின் சரியான பெயர், சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்ற ஃபோல்டரில் வரிசையாக இருக்கும்.

கேட்ட பையன் களக்காட்டுக்காரன், பாலிடெக்னிக் மாணவன். செய்துவிட்டு போன் பண்ணினான்: "அண்ணாச்சி, இப்ப லாகினே மானிட்டர்லதான் வருது. ஆனா மானிட்டர் வயரைக் கழத்தினா ஒண்ணுமே தெரியலயே?" தெரியாதுப்பா, ஸ்கிரீன் இல்லை என்று நாம்தானே சொன்னோம்.

லேப்டாப்ல டாக் போட்டு ரெண்டு மானிட்டர். தினமும் வலது இடது மாறிக் கிடக்கு.

டாக் என்கிற, ஒரே வயரில் பல சாக்கெட் தரும் பெட்டி வழியாக வரும்போது சாக்கெட் பெயர்கள் நிலையாக இருப்பதில்லை. இன்று டிபி-5, கழற்றி மாட்டினால் டிபி-7. பெயரை வைத்து எழுதின ஸ்கிரிப்ட் தோற்கிறது அதனால்தான். எக்ஸ்ஆர்க் என்றால் ஆட்டோரேண்டர் என்ற மென்பொருளைப் போடுங்கள். ஒருமுறை சரியாக அடுக்கிவிட்டு 'சேவ்' என்று ஒரு பெயர் கொடுத்தால், மானிட்டர்களின் ஜாதகத்தைச் சேர்த்தே எழுதி வைத்து, அந்தக் கூட்டம் மறுபடி வந்தால் அடுக்கிவிடும். வேலண்டில் ஓடும் ஸ்வே போன்ற டெஸ்க்டாப்களில் இந்த வேலைக்குக் கான்ஷி என்ற மென்பொருள்.

இரண்டும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கினதா? சில மலிவு மானிட்டர்களில் சீரியல் எண்ணை எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே போட்டுவிடுகிறார்கள். இரட்டைப் பிள்ளைக்கு ஒரே பெயர் வைத்த மாதிரி. ஒன்றை டாக்கிலும் மற்றதை லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐ சாக்கெட்டிலும் மாட்டுங்கள். குழப்பம் அடங்கிவிடும்.

மானிட்டரை அணைச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா விண்டோ எல்லாம் இடம் மாறியிருக்கு.

டிஸ்ப்ளேபோர்ட் வயரா? அதில் மானிட்டரை அணைத்தாலே வயரைப் பிடுங்கின கணக்காக எடுத்துக்கொள்வது உண்டு. மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அமுக்காமல், தானாகத் திரை அணையவிடுங்கள்.

என்விடியா கார்டு. அதோட செட்டிங்ல மாத்தினேன், நிக்கல.

அப்ளை மட்டும் கொடுத்திருப்பீர்கள். பக்கத்தில் 'சேவ் டு எக்ஸ் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்று இருக்கும். அந்த மென்பொருளை சூடோவோடு திறந்தால்தான் அது எழுத முடியும்.

டியூஷன் சென்டர்ல டிவியை மானிட்டரா போட்டிருக்கோம். ஓரம் வெட்டுப்படுது. சரி பண்ணினாலும் திரும்ப வெட்டுது.

லினக்ஸை விட்டுவிடுங்கள், டிவி ரிமோட்டை எடுங்கள். படத்தை ஓரத்தில் கொஞ்சம் பெரிதாக்கி வெட்டுவது டிவிகளின் பழைய பழக்கம். பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும். பல டிவிகள் இதை ஒவ்வொரு எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. சாயங்காலம் யாரோ செட்டாப் பாக்ஸ் மாட்ட சாக்கெட்டை மாற்றியிருப்பார்கள். சாக்கெட்டுக்கு மேல் ஒரு துண்டு பேப்பரில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதி ஒட்டுங்கள்.

வெளிச்சத்தைக் குறைச்சு வச்சா நிக்க மாட்டேங்குது.

எக்ஸ்ரேண்டரில் குறைப்பது விளக்கை இல்லை, வண்ணக் கணக்கை மட்டும். நைட் லைட் (ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி) ஓடினால் அதை அழித்துவிடும். மானிட்டரின் சொந்தப் பட்டனில் குறையுங்கள், அது மானிட்டருக்குள்ளேயே நிற்கும். எழுந்து போய் அமுக்க சோம்பல் என்றால் டிடிசி-யூட்டில் என்ற மென்பொருள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்யும்.

ஒண்ணும் பிடிபடல. கடைக்கு எடுத்துட்டு வாரோம். எதெதைக் கொண்டாரணும்?

மானிட்டர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு. மானிட்டரின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிபியுவோ லேப்டாப்போ ஒன்று. வயரை மறக்காதீர்கள், நீங்கள் வீட்டில் போட்டிருக்கிற அதே வயர், நடுவில் மாட்டியிருக்கிற கன்வெர்ட்டரோடு. 'வயர்தானே, அங்கன இருக்குமே' என்று விட்டுவிட்டு வந்தால், என் கடை வயரில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும்.